கும்பிடுபூச்சிக் கூடு சேர்த்து விக்கலாமா? 43 கூடு கையில கிடக்கு

வெற்றிலைக்கொடி (களுதாவளை)
ஜனவரி 18, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு அரை ஏக்கர் கத்தரி, மிளகாய், பக்கத்தில வெற்றிலைத் தோட்டம். மழை விட்ட பிறகு வேலி வெட்டத் தொடங்கினம். கிளுவைக் கம்பிலயும் சீமைக்கிளுவையிலயும் எலுமிச்சையிலயும் கும்பிடுபூச்சியின்ட முட்டைக்கூடு அப்பிடியே ஒட்டிக் கிடந்தது. சோறு வடிச்ச நுரை காஞ்சு இறுகின மாதிரி, மண்ணிறம், பெருவிரல் நுனியளவு. வெட்டின கம்பைக் குவிச்சு நெருப்பு வைக்கப் போகக்குள்ள அம்மா ஓடிவந்து மறிச்சா. "இத எரிச்சிராத புள்ள, இது மத்தப் பூச்சியப் புடிச்சுத் தின்னுற பூச்சி" எண்டா. அதால கூடு இருந்த கம்பெல்லாம் தனியா முறிச்சு எடுத்தன். பிறகு ஆத்தங்கரைப் பத்தையிலயும் போய்ப் பாத்தன். மொத்தம் 43.

படம் எடுத்து இணையத்தில போட்டதும், கொழும்புப் பக்கம் வீட்டுத்தோட்டச் சாமான் விக்கிற ஒருவர் பேசினார். ஒரு கூடு 150 ரூபாப்படி எடுப்பாராம், மாசம் 200 கூடு வேணுமாம். வெளிநாட்டில இதுதான் மருந்தடிக்காத தோட்டத்துக்கு வழி எண்டு சொன்னார். மாசம் 30,000 ரூபா எங்கட வீட்டுக்குச் சின்னக் காசில்ல.

எனக்குத் தெரிய வேண்டியது மூண்டு விசயம். இத எப்பிடிப் பழுதாகாம வச்சிருக்கிற? வாங்குற ஆளின்ட தோட்டத்தில உண்மையா வேல செய்யுமா? பத்தையில இருந்து மாசம் 200 எடுத்தா எங்கட பக்கம் என்ன ஆகும்?

கரடியனாற்று மண்
ஜனவரி 18, இரவு 9.55

மகள், மூண்டாவது கேள்வியையும் சேர்த்துக் கேட்டதுக்கு முதல்ல நன்றி. நான் விவசாயப் போதனாசிரியரா இருந்து ஓய்வுபெற்ற ஆள். இரண்டாவது கேள்வியில இருந்து தொடங்குறன்.

உங்கட கத்தரியில எது தொல்லை? தண்டும் காயும் துளைக்கிற புழுதானே. அந்தப் புழு முட்டையில இருந்து வெளிவந்த கொஞ்ச நேரத்தில குருத்துக்குள்ள போயிரும். உள்ளுக்கிருந்து தின்னும், குருத்து வாடி வளைஞ்ச பிறகுதான் நமக்குத் தெரியும். கும்பிடுபூச்சி கிளையில அசையாம காத்திருந்து, முன்னால அசையுற உயிரைப் பாய்ஞ்சு புடிக்கிற பூச்சி. தண்டுக்குள்ள இருக்கிற புழுவை அது காணவே காணாது. இரவில பறக்கிற அந்துப்பூச்சி இரண்டொண்டை எப்பவாவது புடிக்கும், அவ்வளவுதான்.

மிளகாயில இலை சுருளுறது பனிப்பூச்சியாலயும் சிற்றுண்ணியாலயும். இரண்டும் கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத அளவு. வளர்ந்த கும்பிடுபூச்சி அதத் திரும்பியும் பாக்காது. பொரிச்ச குஞ்சு முதல் சில நாள் அழுக்கணவனை (குருத்தில அப்பிச் சாறு உறிஞ்சுற அசுவினி) தின்னும், பிறகு பெரிய இரை தேடும். வெட்டுக்கிளி, ஈ, அந்து, சிலந்தி, வண்ணத்துப்பூச்சி, தேனீ, பொறிவண்டு, கடைசியில தன்ட கூடப்பிறந்ததுகள். நமக்கு நல்லது செய்யுற பூச்சி, கெட்டது செய்யுற பூச்சி எண்டு பிரிச்சுப் பாக்க அதுக்குத் தெரியாது.

அதுக்காக அது தோட்டத்துக்கு ஆகாது எண்டு சொல்லல்ல. மருந்தடிக்காத தோட்டத்தில சிலந்தி, பொறிவண்டு, குளவி, தவளை, ஓணான் எல்லாம் சேர்ந்துதான் வேல நடக்குது. அந்தக் கூட்டத்தில கும்பிடுபூச்சியும் ஒரு ஆள். ஒரு ஆளை மட்டும் காசுக்கு வாங்கிக் கொண்டுவந்து விட்டு, மற்ற எல்லார்ட வேலையையும் அது செய்யுமெண்டு நம்புறதுதான் பிழை.

நிந்தவூர் வரம்பு
ஜனவரி 18, இரவு 10.20

ஸேர் சொல்றது சரி. 2021ல உரமும் மருந்தும் இறக்கப்படாது எண்டு தடை வந்த நேரம் எங்கட பக்கம் எல்லாரும் இப்பிடித்தான் ஓடித் திரிஞ்ச. வேப்பங்கொட்டை, மாட்டுச்சலம், உள்ளிக் கரைசல், ஆராவது எதையாவது சொன்னா அதை வாங்கிற. நானும் வாங்கின. ஒரு பயிருக்கு ஒரு பூச்சியால வாற வருத்தத்துக்கு எந்த மருந்து எண்டு ஒழுங்காச் சொல்லித்தர ஆள் இல்லாமத்தான் நாங்க அந்த வருசம் விளைச்சல இழந்த. வருசக் கடைசியில தடையை எடுத்தாங்க, ஆனா போன போகம் போனதுதான்.

தங்கச்சி, உங்கட கூட்டை வாங்குறவனும் எங்கள மாதிரி ஒரு தோட்டக்காரன்தான். அவன்ட கத்தரிக்கு இது உதவாதெண்டு உங்களுக்குத் தெரிஞ்ச பிறகு விக்கிற காசு மனசுக்கு ஒத்துவருமா எண்டு யோசிங்க.

வெற்றிலைக்கொடி (களுதாவளை)
ஜனவரி 19, காலை 6.15

இரவு முழுக்க அதத்தான் யோசிச்சன். நிந்தவூர்க் காக்கா (அண்ணன்) கேட்டது சரியான கேள்வி. ஆனா ஒரு சந்தேகம். வெளிநாட்டில கடைக்குக் கடை விக்கிறாங்களே, பலன் இல்லாமலா சனம் வாங்குது?

கடல்கடந்த திருக்கோவில்
ஜனவரி 19, காலை 7.02

தங்கச்சி, நான் டொரன்டோவில இருக்கன். ஊர் திருக்கோவில். இதுக்கு நான் பதில் சொல்லலாம், வாங்கிப் பாத்தவன்.

இங்க வசந்த காலத்தில தோட்டக் கடைகள்ல சின்னப் பெட்டியில கூடு விக்கும். அமெரிக்காவில விக்கிறது பெரும்பாலும் சீனக் கும்பிடுபூச்சியின்ட கூடு. அது அந்த மண்ணுக்குரிய பூச்சியும் இல்ல. 1896ல பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில ஒரு நாற்றுமேடையில முதல் கண்டது, செடியோட வந்திருக்கும் எண்டு சொல்றாங்க. மூண்டு வருசம் கழிச்சு 1899ல நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் பக்கம் ஐரோப்பியப் பூச்சியைக் கண்டிருக்காங்க. அங்க கரோலினா எண்டு உள்ளூர்ப் பூச்சி ஒண்டு இருக்கு, அதின்ட கூடு தட்டையா, நீளமா, கம்போட ஒட்டிக் கிடக்கும். சீனத்தின்ட கூடு உருண்டு பஞ்சு மாதிரி. பெரிய சீனப் பூச்சி உள்ளூர்ப் பூச்சியையே புடிச்சுத் தின்னுது. அதால உள்ளூர்ப் பூச்சியில அக்கறை உள்ள ஆக்கள் சீனக் கூட்டை வாங்காதீங்க எண்டு சொல்றாங்க. அங்கத்த விவசாய ஆலோசனைக்காரரும் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு இத நம்ப வேணாம் எண்டுதான் எழுதுறாங்க.

என்ட கதை: இரண்டு கூடு வாங்கி ரோசாப் பத்தையில கட்டினன். ஒரு நாள் விடிய நூலில தொங்கித் தொங்கி நூற்றுக்கணக்கில குஞ்சு இறங்கிச்சு. எறும்பு மாதிரி, அவ்வளவு சின்னன். என்ட மகளும் நானும் ஒரு மணித்தியாலம் நிண்டு பாத்தம். அந்தக் காட்சிக்காக நான் குடுத்த காசு வீணில்ல. ஆனா இரண்டு கிழமையில தேடினா ஏழெட்டுத்தான் கண்டம். ஆடியில ஒண்டு. ரோசாவில அழுக்கணவன் இருந்தபடியேதான்.

இன்னொண்டும் சொல்றன். 2017ல வந்த ஒரு ஆய்வில, கும்பிடுபூச்சி குருவி புடிச்சுத் தின்ன 147 சம்பவத்தை 13 நாட்டில இருந்து சேர்த்துப் போட்டிருந்தாங்க. கூடுதலா அமெரிக்காவில, பூவுக்குத் தேன் குடிக்க வாற குட்டிக் குருவிகள். இதின்ட பசிக்கு அளவு இல்லையெண்டு அதப் படிச்சாத் தெரியும்.

கல்முனைக் கடைத்தெரு
ஜனவரி 19, பகல் 12.30

எல்லாரும் வேணாம் எண்டு சொல்றீங்க, நான் மற்றப் பக்கத்தையும் வைக்கிறன். தங்கச்சிக்குக் காசு வேணும். பத்தையில எரிஞ்சு போற சாமானுக்கு ஒருத்தன் விலை சொல்றான். மருந்துப் போத்தல் விக்கிறவன் எல்லாம் பலனுக்குச் சத்தியம் பண்ணியா விக்கிறான்? கூட்டோட ஒரு துண்டில "இது வெட்டுக்கிளிக்கும் ஈக்கும் உதவும், காய்த்துளைப்பானுக்கு உதவாது" எண்டு எழுதி விக்கலாமே. பிள்ளைகளுக்குப் பாடம் காட்ட வாங்குற ஆக்களும் இருப்பாங்க. நேர்மையாச் செய்தா அது நல்ல யாவாரம்தான்.

வந்தாறுமூலை மாணவி
ஜனவரி 19, பிற்பகல் 3.48

அண்ணன் சொன்ன துண்டு எழுதுற யோசனை நல்லம். ஆனா யாவாரம் எண்டு பாத்தாலும் இதில பெரிய இடைஞ்சல் இருக்கு. நான் விவசாயம் படிக்கிறன், பூச்சியியல்ல விருப்பம் கூட. வெற்றிலைக்கொடி அக்காவின்ட முதல் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லல்ல.

குளிர் நாட்டில பெட்டை இலையுதிர் காலத்தில முட்டை வைக்கும். கூடு குளிர் முழுக்க அப்பிடியே கிடந்து வசந்தத்தில பொரிக்கும். அதால அங்க கடைக்காரர் குளிர்சாதனப் பெட்டியில மாசக்கணக்கில வச்சு, ஆள் கேட்கக்குள்ள எடுத்துக் குடுக்கலாம். நம்மட பூச்சிக்கு அந்தக் குளிர்கால உறக்கம் இல்ல. இந்தச் சூட்டில கூடு வச்சு நாலு தொடக்கம் ஆறு கிழமையில பொரிக்கும். பத்தையில எடுக்கிற கூடு எண்டைக்கு வச்சதெண்டு நமக்குத் தெரியாது. பார்சலுக்குள்ள பொரிச்சுதெண்டா, பெட்டியைத் திறக்கிற ஆள் காணுறது ஒண்டையொண்டு தின்னு மிச்சமான கொஞ்சக் குஞ்சத்தான்.

அடுத்தது, 43 கூட்டிலயும் உயிர் இருக்கெண்டு நினைக்காதீங்க அக்கா. கையில எடுத்துப் பாருங்க. பாரமில்லாம, நொய்ஞ்சு, நிறம் மங்கிக் கிடந்தா அது பொரிச்சு முடிஞ்ச பழைய கூடு. பக்கவாட்டில ஊசியால குத்தின மாதிரி வட்ட ஓட்டைகள் இருந்தா அது குளவியின்ட வேல. பொடாக்ரியோன் எண்டு ஒரு மிகச் சின்னக் குளவிச் சாதி இருக்கு. பெட்டைக்கு உடம்பை விட நீளமான முட்டையிடுற ஊசி, பின்தொடை தடிச்சிருக்கும். கும்பிடுபூச்சிக் கூட்டு நுரைக்குள்ள அந்த ஊசியை இறக்கித் தன்ட முட்டையை வைக்கும், அதின்ட புழு உள்ளுக்கிருக்கிற முட்டையைத் தின்னு வளரும். கும்பிடுபூச்சிக் குஞ்சு வாறது அப்பிடி இல்ல, கூட்டின்ட நடுவில நீளமா ஒரு வரி ஓடும், அதால நெரிச்சுக்கொண்டு வரும். இந்த இரண்டு வாசலையும் பிரிச்சுப் பாக்கப் பழகினா விக்கிறவருக்கும் வாங்குறவருக்கும் நல்லம்.

ஓட்டை விழ முதல் குளவி உள்ளுக்கிருக்கா இல்லையா எண்டு வெளியால பாத்து ஆராலயும் சொல்ல ஏலாது. அதத்தான் 150 ரூபாவுக்கு விக்கப் போறீங்க.

மாங்கேணித் தேன்
ஜனவரி 19, இரவு 7.20

நான் பெட்டியில தேனீ வளர்க்கிறன். பாகல், பூசணி பூக்கிற நேரம் விடிய விடியப் பந்தலுக்குக் கீழ நிப்பன். ஆண் பூவுக்கும் பெண் பூவுக்கும் இடையில தேனீ வந்து போகாட்டி அங்க காய் இல்ல. பூசணிப் பூ காலையில விரிஞ்சு பகலுக்குள்ள சுருங்கிரும், அந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லாம். அந்த நேரம் பூவோட பூவா ஒரு பச்சைக் கும்பிடுபூச்சி நிக்கும். என்ட கண்ணுக்கு முன்னால ஒரு காலையில நாலு தேனீயை ஒண்டு தின்னுது. தேனீயின்ட தலையைக் கடிச்சு எறிஞ்சுபோட்டு வயித்தைத் தின்னும்.

நான் அதைக் கொல்லல்ல. தடியில ஏத்திக் கொண்டுபோய் வேலிக்கு அங்கால விட்டன். அது பத்தையில தானா வளர்ந்தா தானா ஒரு கணக்குக்கு நிக்கும். முசுறு எறும்பு தின்னும், ஓணான் தின்னும், செண்பகக் குருவி தின்னும். நாங்க நூறு கூட்டைக் கொண்டுவந்து ஒரே தோட்டத்தில கட்டினா அந்தக் கணக்குக் குழம்புது. பந்தல் பயிர் செய்யுற ஆருக்கும் தயவுசெய்து இத விக்காதீங்க.

கரடியனாற்று மண்
ஜனவரி 19, இரவு 9.10

தேன் தம்பி சொன்னது பொன்னான விசயம்.

கல்முனைத் தம்பி, பூச்சியால பூச்சியை அடக்குற வேல பொய்யெண்டு நான் சொல்ல வரல்ல. அது நம்மட நாட்டிலயே அழகா நடந்திருக்கு. எது வெற்றி பெற்றது, ஏன் வெற்றி பெற்றது எண்டு பாருங்க. 2008ல பப்பாசிக்கு ஒரு வெண்மூட்டுப்பூச்சி வந்தது. காயிலயும் இலையிலயும் வெள்ளைப் பஞ்சு அப்பின மாதிரி. பப்பாசியோட நிக்காம மரவள்ளி, செவ்வரத்தை எல்லாத்திலயும் ஏறிச்சு. மருந்து அடிச்சு அடிச்சுக் களைச்சம், மெழுகுப் பஞ்சுக்குள்ள மருந்து இறங்காது. 2009ல விவசாயத் திணைக்களம் அசெரோபேகஸ் எண்ட ஒரு சின்னஞ்சிறு குளவியை வெளிநாட்டில இருந்து கொண்டுவந்து விட்டது. அந்தக் குளவி அந்த வெண்மூட்டுப்பூச்சிக்குள்ள மட்டும்தான் முட்டை வைக்கும். மற்ற எதையும் தொடாது. கொஞ்ச மாசத்தில பப்பாசி திரும்ப நிமிர்ந்தது. அதுக்கு முதல் 1970ல தென்னையில இலை சுரண்டுற வண்டு ஒண்டு வந்த நேரமும் சிங்கப்பூரில இருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்துதான் அடக்கின.

இதெல்லாம் ஒரு பூட்டுக்கு ஒரு திறப்பு மாதிரி. அந்தத் திறப்பு மற்றப் பூட்டைக் கெடுக்காது எண்டு சோதிச்ச பிறகுதான் வெளியில விட்ட. கும்பிடுபூச்சி அப்பிடித் திறப்பு இல்ல.

கத்தரிக்கு நான் திருப்பித் திருப்பிச் சொல்றது: வாடின குருத்தைக் கண்ட உடன புழுவுக்குக் கீழால வெட்டி எடுத்து எரிக்கிறது, கிழமைக்கு இரண்டு தரம். துளைச்ச காயை வரம்பில எறியாம சேர்த்து அழிக்கிறது. இனக்கவர்ச்சிப் பொறி (பெட்டை அந்தின்ட வாசத்தால ஆணை இழுத்துப் புடிக்கிறது) கட்டுறது. பழைய கத்தரிச் செடியைக் காய் முடிஞ்சும் விட்டு வைக்காதது. பக்கத்துத் தோட்டமும் சேர்ந்து செய்தாத்தான் பலன் தெரியும், அந்து பறந்து வாற சாமான்.

இன்னொரு எச்சரிக்கை, மகள். உங்களிட்ட வாங்குறவர் இத எங்க அனுப்புறார் எண்டு கேளுங்க. வெளிநாட்டில கும்பிடுபூச்சியை வீட்டில வளர்க்கிற ஆக்கள் நிறைய. தென்னிந்தியாவிலயும் இலங்கையிலயும் வாழுற, காலில இலை முளைச்ச மாதிரி இருக்கிற மெலிஞ்ச சாதிக்கு அங்க நல்ல கேள்வி. உத்தரவுப் பத்திரம் இல்லாம நம்மட காட்டு உயிரை நாட்டுக்கு வெளியில அனுப்புறது குற்றம். 2024ல யாலப் பூங்காவுக்குள்ள பூச்சி சேர்த்த இரண்டு இத்தாலியருக்கு நீதிமன்றம் 60 மில்லியன் ரூபா தண்டம் விதிச்சது. குமண, லாகுகல, கல்லோயாக் காட்டுப் பூங்காப் பக்கம் போய்க் கூடு பொறுக்குற எண்ணம் ஆருக்கும் வந்தா அதை இப்பவே விட்டிருங்க.

வெற்றிலைக்கொடி (களுதாவளை)
ஜனவரி 20, இரவு 8.05

அவரிட்ட கேட்டன். எங்க அனுப்புறீங்க எண்டதுக்கு, அது உங்களுக்குத் தேவையில்லாத கதை எண்டார். பிறகு விலையை 200 ஆக்கினார். நான் ஏலாது எண்டு சொல்லிப் போட்டன். சொல்லக்குள்ள கை நடுங்கினது உண்மை. 30,000 ரூபாவை வேணாம் எண்டு சொல்றது லேசில்ல. ஆனா ஸேர் சொன்ன பப்பாசிக் கதையை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், அவவுக்கு அந்த வருசம் நல்லா ஞாபகம். முற்றத்துப் பப்பாசி இரண்டையும் வெட்டி எரிச்சதாம்.

இப்ப 43 கூட்டையும் மாணவித் தங்கச்சி சொன்ன மாதிரிப் பிரிச்சன். 17 பழசு. 6ல வட்ட ஓட்டை. மிச்சம் 20. இத என்ன செய்யுற? திரும்பப் பத்தைக்கே கொண்டுபோகவா?

வந்தாறுமூலை மாணவி
ஜனவரி 20, இரவு 8.50

ஓம் அக்கா, எடுத்த இடத்துப் பக்கமே கொண்டுபோங்க. கூட்டைக் கம்பில இருந்து உரிக்காதீங்க, கம்போட சேர்த்து நூலால கட்டுங்க. முதல் எந்தப் பக்கம் மேல இருந்ததோ அதே பக்கம் மேல வரவேணும், குஞ்சு தொங்கி இறங்கக் கீழ இடமும் வேணும். ஒரு மரத்தில ஒண்டுக்கு மேல கட்டாதீங்க. நேர வெயில் வேணாம், நிலத்தில போடவே வேணாம். ஓட்டை விழுந்த ஆறையும் எறியாதீங்க. சில நேரம் ஒரே கூட்டில பாதி குளவி தின்னும், மிச்சம் பொரிக்கும். அந்தக் குளவியும் இந்த ஊர் உயிர்தான்.

உங்களுக்குப் பாக்க ஆசையெண்டா ஒண்டை மட்டும் மெல்லிய துணி கட்டின போத்தலுக்குள்ள வச்சிருங்க. ஒவ்வொரு நாளும் விடிய பாக்க வேணும், பொரிச்ச அண்டைக்கே வெளியில விட வேணும்.

நிந்தவூர் வரம்பு
ஜனவரி 20, இரவு 9.30

முசுறு ஏறுற மாமரத்தில கட்டிராதீங்க. குஞ்சு இறங்க இறங்க அள்ளிக்கொண்டு போயிரும். எலுமிச்சையிலயும் முசுறு கூடு இருக்கா எண்டு பாத்துக் கட்டுங்க.

வெற்றிலைக்கொடி (களுதாவளை)
பெப்ரவரி 16, காலை 7.35

போத்தல்ல வச்ச கூடு இண்டைக்கு விடியப் பொரிச்சுது!

தேத்தண்ணி போட எழும்பின அம்மாதான் முதல் கண்டா. நான் வந்து பாக்கக்குள்ள துணிக்குக் கீழ ஒரே கொத்தாத் தொங்குது, வெளிறின மஞ்சள் நிறம், கண் மட்டும் கறுப்பு. ஒவ்வொண்டாத் தோல் கழட்டிக் கால் விரிச்சு ஏறுது. எண்ணத் தொடங்கினன், 112 மட்டும் எண்ணினன், அங்கால ஏலல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூட உடுப்போட வந்து நிண்டு பாத்ததுகள். ஒரு சின்னவன் "இதுகளும் கும்பிடுது" எண்டு கையைக் கூப்பிக் காட்டினான், உண்மையா அந்த அளவிலயே முன்கால் மடிஞ்சுதான் இருக்கு.

வெயில் ஏற முதல் போத்தலைக் கொண்டுபோய் மேற்கு வேலியில நாலு இடத்தில பிரிச்சு விட்டம். வேலியில கட்டின மற்றக் கூடுகளில ஏழு பொரிச்சு முடிஞ்சிருக்கு, இரண்டைப் பல்லியோ எதுவோ குதறியிருக்கு. மிச்சம் அப்பிடியே. கத்தரிக்கு ஸேர் சொன்ன மாதிரிக் குருத்து வெட்டி வாறன், கிழமைக்கு இரண்டு தரம், திங்களும் வெள்ளியும். முதல் கிழமை ஒரு கடகம் நிறைய வந்தது, போன வெள்ளி அரைக் கடகம்தான். பக்கத்துத் தோட்டத்து மாமாவும் தொடங்கியிருக்கார்.

கல்முனைக் கடைத்தெரு
பெப்ரவரி 16, பகல் 1.10

தங்கச்சி, சந்தோசம். நான் அண்டைக்கு விக்கச் சொன்னவன், தேனீ விசயம் எனக்குத் தெரியாது. இனக்கவர்ச்சிப் பொறி உங்கட பக்கம் எடுக்க ஏலாட்டிச் சொல்லுங்க, எங்கட கடைத்தெருவில விசாரிச்சுப் பாக்கன். ஒண்டு கேட்கோணும். வேலி வெட்டுறதை நிப்பாட்டவும் ஏலாது, கூடும் எரியக் கூடாதெண்டா எந்த நேரம் வெட்டுறது?

கரடியனாற்று மண்
பெப்ரவரி 16, இரவு 8.25

நல்ல கேள்வி தம்பி. ஒரே நாளில வேலி முழுக்க மொட்டையடிக்கிறதை விடுங்க. ஒரு பக்கம் வெட்டினா மற்றப் பக்கத்தை இரண்டு மாசம் விட்டு வையுங்க. வெட்டின கம்பை அண்டைக்கே எரிக்காம நிழலில சாத்தி வையுங்க. ஆறு கிழமைக்குள்ள பொரிக்கிறது பொரிச்சுப் போயிரும். பிறகு அடுப்புக்கு எடுங்க.

வெற்றிலைக்கொடி (களுதாவளை)
பெப்ரவரி 16, இரவு 9.00

நாங்க கிழக்கு வேலியை நாளைக்கு வெட்ட இருந்தம். அம்மா இப்பவே டோச்சும் சிவப்பு நூலும் எடுத்துக்கொண்டு போயிட்டா. கூடு உள்ள கம்புக்கெல்லாம் நூல் கட்டி வைக்கிறா, வெட்ட வாற தம்பி அந்தக் கம்பை விட்டு வெட்டட்டும் எண்டு. இதுவரைக்கும் ஒன்பது.